அப்பச்சியோட டைவ் குரோனோகிராஃப்: பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாமா, இருக்கறபடியே விடலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தனை வருசம் இங்க படிக்கறதோட சரி, இப்பத்தான் மொத தடவையா இழை ஆரம்பிக்கறேன்.

போன மாசம் காங்கயம் பக்கம் எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வீட்டு அட்டாலியச் சுத்தம் பண்ணினோம். தகரப்பெட்டிக்குள்ள, பழைய பத்திரக் கட்டுக்கு அடியில, அப்பச்சியோட (அம்மாவோட அப்பா) வாட்ச் கிடைச்சுது. அவரு போய்ப் பதினாறு வருசம் ஆச்சு. ஃபேவர் லூபான்னு பேரு இருக்குது, அதுக்குக் கீழ ‘சீ ஸ்கை’. கருப்பு டயல், உள்ள மூணு சின்ன வட்டம், வலப்பக்கம் கிரவுனுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு பொத்தான், வெளிய சுத்தற வளையத்துல அறுபது வரைக்கும் எண். தண்ணிக்கடியில கட்டறதுக்குச் செஞ்ச, ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச், அதத்தான் டைவ் குரோனோகிராஃப்னு சொல்றாங்க. மில்லுக்கு மிஷின் பாக்க சுவிட்சர்லாந்து போன பெரிய மாமா ஒருத்தர் வாங்கியாந்து குடுத்ததுன்னு அம்மா சொல்றாங்க.

சாவி குடுத்தா ஓடுது. மேல் பொத்தான அமுக்கினா பெரிய விநாடி முள் கிளம்புது. கீழ் பொத்தான அமுக்கினா திரும்பி வருது, ஆனா 12-ல நிக்காம ரெண்டு கோடு தள்ளி நிக்குது. கண்ணாடி பூராவும் கீறல். எண்களுக்கு மேல இருக்கற ரேடியம் பொட்டு வெல்லப்பாகு நெறத்துக்கு வந்துருச்சு.

டவுன்ல ஒரு கடையில காட்டினேன். 4,500 ரூபாய் குடுத்தா கேஸ் பாலிஷ் போட்டு, டயலப் புதுசா அடிச்சு, பொட்டெல்லாம் பச்சையா வெச்சு, புத்தம் புதுசாட்டம் தர்றேன்னாங்க. குடுத்துட்டு வரலாம்னுதான் போனேன். எதுவோ மனசு ஒப்பல, திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். என்ன பண்ணோணும்னு சொல்லுங்க.

மணிக்கூண்டு (ஈரோடு)

தம்பி, எடுத்துட்டு வந்தது நெம்ப நல்ல காரியம். இனி அந்தப் பொத்தான அமுக்காதீங்க. சாவியும் குடுக்க வேண்டாம்.

நான் முப்பத்தெட்டு வருசம் வாட்ச் பெஞ்சுல உக்காந்தவன். பதினாறு வருசம் பெட்டியில கிடந்த மெஷின்ல ஆயில் பிசினாட்டம் ஆயிருக்கும். அந்தப் பிசினோட ஓடவிட்டா பிவட் (சக்கர அச்சோட முனை) தேயும். ஓடுதேன்னு சந்தோசப்பட்டு நாலு நாள் ஓட்டிட்டுக் கொண்டாந்தவங்க எத்தனையோ பேரு.

முள் ரெண்டு கோடு தள்ளி நிக்கறதுக்குப் பயப்பட வேண்டாம். உள்ள இதய வடிவத்துல கேம்னு ஒரு தகடு இருக்குது. கீழ் பொத்தான அமுக்கினா ஒரு குட்டிச் சுத்தியல் வந்து அது மேல அடிக்கும், கேம் சுத்தி பழைய எடத்துக்கு வரும், முள்ளும் கூடவே வரும். வருசக்கணக்கா அடி வாங்கினதுல முள் தன்னோட அச்சுல நழுவியிருக்கும். ஓவர்ஹால் பண்ணும்போது எடுத்துத் திரும்பச் சரியா உக்கார வெச்சாப் போதும்.

ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. மூணு வட்டத்துல கீழ, 6-க்கு நேரா இருக்கறது 12 மணி நேர வட்டம் தானே? பெரிய முள் ஓடாம நிக்கறப்ப அந்தச் சின்ன முள் தானா நகருதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆமாங்கய்யா, 6-ல 12 வரைக்கும் எண் இருக்குது. 3-ல முப்பது நிமிசம். 9-ல எப்பவும் ஓடற சின்ன விநாடி முள். நகர்ற மாதிரித் தெரியலீங்க.

பட்டறை (கணபதி, கோவை)

நொய்யல், உங்க கையில என்ன இருக்குன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க.

நம்ம ஊர்ல ஃபேவர் லூபான்னா கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் போடற வாட்ச். சீ கிங், சீ சீஃப் ரெண்டும் வீட்டுக்கு ஒண்ணு இருந்துச்சு. 1737-ல சுவிட்சர்லாந்து லெ லோக்ல்ல ஆரம்பிச்ச குடும்பம், 19-ஆம் நூற்றாண்டுலயே பம்பாய்க்கு வியாபாரத்துக்கு வந்துட்டாங்க. 2011-ல அந்தப் பேரையே நம்ம ஓசூர் டைட்டன் வாங்கினாங்க, 2023-ல அது வேற இந்தியக் கம்பெனி கைக்குப் போச்சு. அதனால பேரப் பாத்துட்டு ‘அட, ஃபேவர் லூபாதானே’ன்னு கடைக்காரங்க சாதாரணமா நெனச்சுருவாங்க. சீ ஸ்கை அந்த ரகம் இல்லீங்க. அது சுத்தற வளையம் வெச்ச குரோனோகிராஃப். அதுல வர்றது வால்ஜூ 72 மெஷின்.

வால்ஜூ 72 வந்தது 1938-ல. காலம் வீல் (தூண் சக்கரம்) மெஷின். அதாவது ஓடு, நில்லுங்கற கட்டளையக் கோட்டைக் கொத்தளமாட்டம் தூண் தூணா நிக்கற ஒரு சக்கரம் கொண்டுபோகும். பின்னால வந்த வால்ஜூ 7733, 7734 எல்லாம் தகடு வெட்டின கேம்ல வேலை செய்யும், செலவு கம்மி. ஹோயர் ஆட்டாவியாவுல 72 இருந்துச்சு. சாவி குடுக்கற ரோலக்ஸ் டேட்டோனாவுல இருந்ததும் இதோட வம்சம்தான், 1988 வரைக்கும். இப்ப அதுதான் பெரிய தொல்லை. டேட்டோனாவுக்குப் பார்ட்ஸ் வேணும்னு சின்னப் பேரு வாட்சுகளக் கழட்டி வித்தறாங்க. உங்க மெஷினக் கண்ணு மறைஞ்ச எடத்துல கழட்ட விடாதீங்க.

டைவ் குரோனோகிராஃப் ஏன் இவ்வளவு அபூர்வம்னு ஒரு மிஷினிஸ்டா சொல்றேன். சாதாரண டைவ் வாட்சுல தண்ணி நொழைய கண்ணாடி, பின்மூடி, கிரவுன்னு மூணு வழி. குரோனோகிராஃப்ல பொத்தானுக்கு ரெண்டு ஓட்டை சேர்த்தி. அந்தப் பொத்தான் உள்ள போயி வெளிய வரோணும், தண்ணியையும் மறிக்கோணும். அசையற எடத்துல சீல் வெக்கறது எத்தனை கஷ்டம்னு பம்பு செய்யற ஊர்க்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953-லயே பிளாங்பைன் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வந்துருச்சு, ஆனா அதுல பொத்தான் கிடையாது. குரோனோகிராஃப் சேர்த்தவங்க ஆளுக்கொரு வழி தேடினாங்க.

எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது பிரைட்லிங் சூப்பர் ஓஷன் 2005 (இது வருசம் இல்லை, மாடல் எண்). தண்ணிக்கடியில குட்டி வட்டம் கண்ணுக்குத் தெரியாதுன்னு, நடுவுல இருக்கற பெரிய முள்ளையே நிமிச முள்ளாக்கிட்டாங்க. ஒரு சுத்துக்கு ஒரு மணி நேரம். அத்தனை மெதுவாப் போனா ஓடுதா நிக்குதான்னே தெரியாதுல்ல? அதுக்கு டயல்ல ஒரு சின்ன ஓட்டை, உள்ள நிறம் மாறும். நிறத்தப் பாத்தே ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம். அந்த ஓட்டைய யோசிச்சவன நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சிலிர்க்குது.

1969-ல டாக்ஸா, சப் டி.கிராஃப்னு ஆரஞ்சு டயல்ல கொண்டாந்தாங்க. நிவாடாவோட குரோனோமாஸ்டர், பைலட்டுக்கும் டைவருக்கும் சேர்த்துச் செஞ்சது, ஒரே பேருல பல மெஷின் வரும். ஒமேகாவுல 120 மீட்டர் நீல சீமாஸ்டர். எல்லாமே கொஞ்சமாச் செஞ்சதுதான். அதுலயும் தண்ணி புகுந்து செத்தது பாதி.

டயல் அடிக்கக் குடுத்துராதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எல்லாரும் ஒரே பக்கமாப் பேசறதால மறுபக்கத்த நான் சொல்றேன். இது விக்கற வாட்ச் இல்லை, வீட்டு வாட்ச். எங்க அய்யனோட வாட்ச நான் பாலிஷ் போட்டுத்தான் கட்டறேன். மார்க்கெட்டுல வெலை கொறஞ்சா எனக்கென்ன? கல்யாணம் காச்சிக்குப் போறப்ப அழுக்கேறின வாட்சக் கட்டிட்டுப் போக முடியுமா? பெரியவங்க பொருளப் பளபளன்னு வெச்சுக்கறதும் மரியாதைதானுங்க. கோயில் வெளக்க நாம தேய்க்காமலா விட்டுருக்கறோம்?

பட்டறை (கணபதி, கோவை)

அண்ணா, வெலைக்காக நான் சொல்லலீங்க. வெளக்கு கெட்டியான பித்தளை, தேய்ச்சாலும் வெளக்குதான். வாட்ச் கேஸ் அப்படியில்ல. காதுல (ஸ்ட்ராப் மாட்டற கொம்புல) ஒரு சரிவு வெட்டியிருப்பாங்க. மேல்பக்கம் கோடு கோடா, பக்கவாட்டுல கண்ணாடியாட்டம், நடுவுல கத்தி முனையாட்டம் ஒரு ஓரம். பஃபிங் சக்கரத்துல ரெண்டு தடவை புடிச்சா அந்த ஓரம் மழுங்கிப் போகும். எங்க பட்டறையில தினமும் பஃபிங் ஓடுது. சக்கரம் எடுத்த இரும்பு திரும்பி வந்து நான் பாத்ததில்லை. பின்மூடி உக்கார்ற முகத்துல பட்டுட்டா அப்புறம் சீலும் நிக்காது.

கண்ணாடிக்கு உங்க பேச்ச ஒத்துக்கறேன். அது அக்ரிலிக். தேய்க்கலாம், மாத்தலாம், ஒண்ணும் குத்தமில்லை.

கொடுமணல் (சென்னிமலை)

நொய்யல்கரைக்கு ஒரு கேள்வி. டயலின் கீழ் ஓரத்தில், 6-க்கு அடியில், பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்கிறதா? லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் பேச்சில் ஒளிரும் பொட்டு எல்லாமே ‘ரேடியம்’தான். ஆனால் உண்மையான ரேடியம் பூசியது பெரும்பாலும் 1960-களின் தொடக்கம் வரைதான். பிறகு டிரிட்டியத்துக்கு மாறினார்கள், அதன் அடையாளம்தான் அந்த ‘டி’. நான் இயற்பியல் பாடம் எடுப்பவள், வகுப்பில் அரை ஆயுளுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டு. 50 ஆண்டில் பதினாறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சம் இருக்கும். ரேடியத்துக்கோ 1,600 ஆண்டு. ரேடியம் பூசிய பொட்டு இருட்டில் ஒளிராமல் போனால், செத்தது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம் அப்படியே இருக்கிறது.

மூடிய வாட்சாக இருக்கும்வரை பெரிய அச்சம் வேண்டாம். ஆபத்து தூளில்தான். பழைய பொட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தத் தூளை மூச்சில் இழுக்கப்போவது அந்தக் கடைப் பையன். ரேடியம் வாட்ச் சேர்ப்பவர்கள் காற்றுப் புகாத பெட்டியில் அடுக்கி, தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயு வரும். காற்றோட்டம் வேண்டும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

டீச்சர், ரெண்டு பக்கமும் ‘டி’ இருக்குதுங்க. பாத்ததும் ஒரு நிம்மதி. அம்மிச்சி தலைமாட்டுல வெச்சிருந்தத எடுத்து மாடக்குழியில வெச்சுட்டு வந்தேன், இனி எங்க வேணா இருக்கலாம்.

பாலம் (பவானிசாகர்)

நான் கெணத்துல மூழ்கி மோட்டர் எடுக்கறவன். ஒரு கேள்வி. இதையெல்லாம் டைவ் வாட்ச்னு சொல்றீங்க, தண்ணியில கட்டிட்டு எறங்கலாமா? இப்ப நான் கட்டறது வளையம் வெச்ச ஒரு சாதா குவார்ட்ஸ்தான். எறங்கறப்ப வளையத்தோட முக்கோணத்த நிமிச முள்ளுக்கு நேரா வெச்சுக்குவேன். உள்ள மண்ணு கலங்கி ஒண்ணும் தெரியாதப்பவும் எத்தனை நேரம் ஆச்சுன்னு ஒரு பார்வையில தெரியும்.

மணிக்கூண்டு (ஈரோடு)

வேண்டாம் சாமி. டயல்ல எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும் அது வாட்ச் புதுசா இருந்தப்ப, ரப்பர் வாஷர் புதுசா இருந்தப்ப சொன்னது. பத்து மீட்டர் எறங்கினா ஒரு பார் அழுத்தம் கூடும். கெணத்துல எழுபதடித் தண்ணிக்குப் போனீங்கன்னா ரெண்டு பார். அம்பது வருச வாஷர் பின்மூடியத் தெறந்தா கரியாட்டம் உதிரும், நானே ஊசியால சுரண்டி எடுத்திருக்கறேன். வாஷர் மாத்தினாலும் பொத்தான் குழாய் உள்பக்கம் தேஞ்சிருக்கும். மழைத்துளி பட்டாத் தொடைச்சுக்கலாம், அவ்வளவுதான். உங்க குவார்ட்ஸே உங்களுக்கு நல்ல தோழன். வளையத்த வெச்சுக்கற முறை சரியான முறை.

மூணாவது ஷிஃப்ட் (திருப்பூர்)

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். வால்ஜூ 72 எல்லாம் எனக்குக் கனவு. நிட்டிங் கம்பெனியில வேலை, மாசம் கொஞ்சம் எடுத்து வெச்சு போன வருசம் ஆன்லைன்ல ஒரு செய்கோ 6139 வாங்கினேன். மஞ்ச டயல், விண்வெளிக்குப் போன மாடல்னு போட்டிருந்துச்சு. வந்து பாத்தா டயல் பூரா புதுசா அடிச்சது. வித்தவர் அதுக்கப்பறம் ஃபோன எடுக்கவே இல்லை. ரெண்டு மாசச் சம்பாத்தியம். இனிமே எப்படிப் பாத்து வாங்கறதுன்னு யாராவது சொல்லுங்க.

பட்டறை (கணபதி, கோவை)

தம்பி, மனசு விட்டுறாத. 6139 நல்ல தேர்வுதான். 1969-ல தானா சாவி ஏறற குரோனோகிராஃப யார் மொதல்ல கொண்டாறதுன்னு மூணு கூட்டம் ஓடுச்சு. ஜனவரியில ஜெனித் எல் பிரிமெரோவ அறிவிச்சாங்க. மார்ச்சுல ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன் கூட்டணி. செய்கோ சத்தமில்லாம அதே வருசம் ஜப்பான்ல கடைக்கே கொண்டாந்துட்டாங்க. காலம் வீலும் செங்குத்து கிளட்சும் சேர்ந்த மெஷின், அந்த விலைக்கு அது பெரிய சாதனை. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-74-ல ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துல 84 நாள் இருந்தப்ப கட்டியிருந்தது மஞ்ச டயல் 6139. அது அசல் டைவ் வாட்ச் இல்லை. 70 மீட்டர்னு போட்டிருக்கும், உள்வளையம் சுத்தும், அவ்வளவுதான். ஆனா கத்துக்க இதவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

இனி வாங்கறப்ப டயல் அடியோரத்துல பொடியா ஒரு எண் இருக்கும், 6139-ல ஆரம்பிக்கும். பின்மூடி எண்ணையும் அதையும் சேர்த்து வெச்சுப் பாரு. எண்ணே இல்லீன்னா அப்பவே எந்திரிச்சு வந்துரு. பின்மூடி வரிசை எண்ணுல மொத இலக்கம் வருசத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். 70-ங்கறதுக்குப் பக்கத்துல மொதல்ல ‘புரூஃப்’னு எழுதினாங்க, 70-களோட தொடக்கத்துல ‘ரெசிஸ்ட்’னு மாத்தினாங்க. வரிசை எண் ஒரு காலத்தச் சொல்லி, டயல் இன்னொரு காலத்தச் சொன்னா ரெண்டு வாட்ச் ஒண்ணாயிருக்குதுன்னு அர்த்தம்.

மணிக்கூண்டு (ஈரோடு)

நான் கண்ணுல பாக்கற மொத எடம் சின்ன வட்டம். அசல் டயல்ல அந்த வட்டத்துக்குள்ள இசைத்தட்டாட்டம் மெல்லிசா கோடு ஓடும், வெளிச்சத்துல திருப்பினாத் தெரியும். மறுபடி பெயிண்ட் அடிச்சா அந்தக் கோட்டுப் பள்ளம் நெரம்பிப் போகும். அடுத்தது, நிமிசக் கோடும் பொட்டும் நேரா நிக்குதான்னு பாக்கோணும். கையில அடிச்சது எங்கயாவது ஒரு எடத்துல வழுக்கியிருக்கும். எழுத்து தடிச்சு, மை பரவி இருக்கும். போட்டோவுல டயல் புதுசு, கேஸ் பழசுன்னா அங்கயே நின்னுறோணும். அம்பது வருசம் கையில தேஞ்ச வாட்சுக்கு மொகம் மட்டும் எப்படிப் புதுசா இருக்கும்?

பின்மூடியத் தெறந்த போட்டோ கேளு. குடுக்காதவங்ககிட்ட வாங்காத.

மூணாவது ஷிஃப்ட் (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்கய்யா. என்னோடதுல அந்த இசைத்தட்டுக் கோடு இல்லவே இல்லை. இப்பத்தான் புரியுது. மெஷின் நல்லா ஓடுது. அசல் டயல் கிடைக்கற வரைக்கும் கட்டிக்கறேன்.

நொய்யல்கரை (திருப்பூர்)

நேத்து வெடியால ஈரோடு போயி மணிக்கூண்டு ஐயாவப் பாத்தேன். என் கண்ணு முன்னாலயே பின்மூடியத் தெறந்தாரு. பேலன்ஸ் வீலுக்கு அடியில 72-ன்னு எண் இருந்துச்சு. துரு இல்லை. வாஷர் அவரு சொன்னபடியே கரியா உதிர்ந்துச்சு.

பின்மூடியோட உள்பக்கத்துல ஊசியால கீறின தேதிக இருந்துச்சு. ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணினவங்களும் கீறி வெக்கறது வழக்கமாம். மூணு பேரோட கையெழுத்து, அஞ்சு தேதி. கடைசித் தேதி 1991.

ஐயா இன்னொண்ணு காட்டினாரு. கீழ் பொத்தான் முனை உருண்டையா, புதுசாட்டம் இருக்குது. மேல் பொத்தான் முனை தட்டையாத் தேஞ்சு கிடக்குது. ‘உங்க அப்பச்சி இத ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்திப் பழகியிருக்காரு. ஜீரோ பண்ணினது கொஞ்சந்தான். என்ன வேலை பாத்தாரு’ன்னு கேட்டாரு. விவசாயம்னேன். அவருக்கும் புரியல, எனக்கும் புரியல.

பொழுதோட ஊருக்குப் போயி அம்மிச்சிகிட்டக் கேட்டேன். அவங்க சொன்னத அப்படியே எழுதறேன்.

எங்க கெணறு மூணு பங்காளிகளுக்குப் பொது. முறைத்தண்ணி. ஒரு முறைக்கு மூணரை மணி நேரம் மோட்டர் ஓடலாம், அப்பறம் அடுத்த பங்கு. கரண்டு ஒழுங்கா இருந்தா சாதா கடிகாரம் போதும். அது எப்ப ஒழுங்கா இருந்துச்சு? அரை மணி ஓடும், போயிரும். ஒரு மணி கழிச்சு வரும், இருவது நிமிசம் ஓடும், போயிரும். யாரு எத்தனை நேரம் எறைச்சாங்கன்னு வருசா வருசம் சண்டை. வரப்புல மம்பட்டிய ஓங்கற வரைக்கும் போயிருக்குது. இந்த வாட்ச் வந்தப்பறம் மோட்டர் ஓடறப்ப அப்பச்சி மேல் பொத்தான அமுக்குவாரு. கரண்டு போனா அமுக்கி நிறுத்துவாரு. வந்தா திரும்ப அமுக்குவாரு. 6-ல இருக்கற மணி வட்டத்துலயும் 3-ல இருக்கற நிமிச வட்டத்துலயும் கூடிட்டே போகும். மூணரை வந்தா மோட்டர நிறுத்திட்டு அடுத்த பங்காளிக்கு ஆள் அனுப்புவாரு. அவங்க முறைக்கும் இதே வாட்ச்தான், அவங்களே வாங்கிட்டுப் போவாங்களாம். மூணு வீட்டுக் கையும் அந்தப் பொத்தான்ல பட்டிருக்குது.

கடலுக்கடியில காத்து தீர்றத அளக்கச் செஞ்ச வாட்ச் எங்க கெணத்து மேட்டுல தண்ணிய அளந்துட்டு இருந்திருக்குது. கேட்டுட்டு ரொம்ப நேரம் என்னால ஒண்ணும் பேச முடியல.

கேஸ்ல கை வெக்க மாட்டேன். டயல், பொட்டு, தேஞ்ச பொத்தான் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மெஷின் மட்டும் சுத்தம் பண்ணி ஆயில் போடக் குடுத்துட்டேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

தம்பி, படிச்சேன். எங்க அய்யன் வாட்சுல என்ன தேஞ்சிருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்லை, குடுத்தேன், வாங்கினேன். உங்க பொத்தான் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிய மட்டும் தேய்ச்சிருங்க, அப்பத்தான் அம்மிச்சிக்கு முள் தெரியும்.

மணிக்கூண்டு (ஈரோடு)

வேலை முடிஞ்சுது. பதிவுக்காக எழுதறேன், இதே மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

மெயின் ஸ்பிரிங் மாத்தினேன், பழசத் தாளுல மடிச்சு வெச்சிருக்கறேன். மணி வட்டத்துக்கு ஓட்டம் நேரா பேரல்ல (மெயின் ஸ்பிரிங் இருக்கற டப்பா) இருந்து வருது, அந்த உராய்வுப் பகுதி நல்லா இருந்ததால கை வெக்கல. காலம் வீல்ல தேய்மானம் இருக்குது, ஆனா தூண் முனைக முழுசா நிக்குது. பெரிய முள்ள எடுத்துத் திரும்ப உக்கார வெச்சு நாப்பது தடவை ஜீரோ பண்ணிப் பாத்தேன், 12-லயே நிக்குது. வாஷர் எல்லாம் புதுசு. கண்ணாடிய மாத்தல, தேய்ச்சுட்டேன், பொள்ளாச்சிக்காரர் பேச்சையும் கேட்டாச்சு. பின்மூடி உள்ள ஆறாவது தேதியா இன்னைக்குத் தேதியக் கீறியிருக்கறேன். தம்பி, பொழுதோட வந்து வாங்கிக்கோங்க.

நொய்யல்கரை (திருப்பூர்)

வாங்கிட்டு வந்துட்டேனுங்க. ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

ஞாயித்துக்கிழமை அம்மிச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்து மேல் பொத்தான அமுக்கி மூணரை மணி நேரம் ஓடவிட்டேன். நடுவுல எட்டு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன், கரண்டு போற மாதிரி. செல்ஃபோன்லயும் அதே மாதிரி கூடவே ஓட்டினேன். கடைசியில மூணு விநாடிதான் வித்தியாசம். அம்மிச்சிகிட்டச் சொன்னேன்.

‘மூணு விநாடியில ஒரு கொடம் கூட நெம்பாது’ன்னாங்க. அப்பறம் வாட்ச வாங்கி, முந்தானையில தொடைச்சு, அடுத்த பங்காளி வீட்டுப் பெரியம்மாவுக்குக் காட்டறதுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.